நூறு யென் காசும் குளியலுக்குப் பிந்தைய பொழுதும்: ஜப்பானிய விடுதிகளின் ‘கேம் கார்னர்’ குறித்து

1. கேள்வி

சட்டைப் பையில் இருக்கும் கைப்பேசியிலேயே எண்ணற்ற விளையாட்டுகள் கிடைக்கும்போது, ஒரு தங்கும் விடுதி தன் தரைத்தளத்தில் இடம் ஒதுக்கிக் காசு போட்டு ஆடும் எந்திரங்களை வரிசையாக நிறுத்தி வைத்திருப்பது எதற்கு? இந்தக் கேள்விக்குப் பலரும் யோசிக்காமலே விடை சொல்லிவிடுவார்கள்: தேவையில்லை, அவற்றின் காலம் முடிந்துவிட்டது. அப்படிச் சொல்பவர்கள் இரண்டு பொருள்களை ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறார்கள் என்பது இக்கட்டுரையின் நிலைப்பாடு. நகரத்துத் தெருவில் இருக்கும் வீடியோ கேம் கூடம் வேறு. விடுதிக்குள் இருக்கும் கூடம் வேறு. முன்னதற்கு நேர்ந்ததைப் பின்னதன் மேல் ஏற்றிப் பார்ப்பதால்தான் கைப்பேசி இரண்டையும் ஒரே அடியில் வீழ்த்திவிட்டதாகத் தோன்றுகிறது.

இதைச் சோதித்துப் பார்க்க ஜப்பானைப் போலப் பொருத்தமான இடம் வேறில்லை. அங்குள்ள வெந்நீரூற்று ஊர்களின் பெரிய விடுதிகளில் ‘கேம் கார்னர்’ என்று அவர்களே அழைக்கும் சிறு கூடம், உணவுக்கூடத்தையும் நினைவுப்பொருள் கடையையும் போலக் கட்டடத்தின் ஓர் உறுப்பாகவே பல பத்தாண்டுகள் இருந்துவந்திருக்கிறது. அதற்கென்று ஒரு சட்ட நிலை உண்டு. தனிப் பொருளாதாரம் உண்டு. ஒரு நாளில் அதற்கென்றே வாய்த்த ஒரு பொழுதும் உண்டு. கைப்பேசி வந்த பிறகு இவற்றில் எது மாறியது, எது மாறவில்லை என்று பிரித்துப் பார்த்தால், கேள்விக்கு ‘ஆம்’, ‘இல்லை’ என்பதைவிடத் துல்லியமான விடை கிடைக்கும்.

2. எண்கள் சொல்வதும் சொல்லாததும்

ஆர்கேடுகள் எனப்படும் நகரத்து விளையாட்டுக் கூடங்களின் சாவைப் பற்றி எழுதுபவர்கள் வழக்கமாக எடுத்துக்காட்டும் ஆதாரம் ஜப்பானியக் காவல்துறையின் உரிமக் கணக்கு. 1986-இல் அந்நாட்டில் 26,000-க்கும் மேற்பட்ட விளையாட்டுக் கூடங்கள் உரிமம் பெற்றிருந்தன. 2019-இல் அந்த எண்ணிக்கை சுமார் 4,000 ஆகிவிட்டது. வீழ்ச்சி பெரிது, மறுப்பதற்கில்லை. ஆனால் இதை வைத்துக் கைப்பேசியைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதற்குமுன் கால வரிசையைப் பார்க்க வேண்டும். ஐபோன் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது 2008-இல். அதற்குள்ளாகவே இந்தக் கூடங்களில் பாதிக்கும் மேற்பட்டவை மூடப்பட்டுவிட்டன. 1983-இல் வந்த நின்டெண்டோவின் ஃபேமிகாம், 1994-இல் வந்த சோனியின் பிளேஸ்டேஷன் ஆகிய வீட்டு எந்திரங்கள் முதல் அடியைக் கொடுத்தன. இரண்டாவது அடி வரி வழியாக வந்தது. 1989-இல் 3 விழுக்காடாகத் தொடங்கிய நுகர்வு வரி 1997-இல் 5, 2014-இல் 8, 2019-இல் 10 என்று ஏறியது. மற்ற வணிகர்கள் வரியை விலையில் சேர்த்து வாங்கிக்கொள்ளலாம். காசுத் துளை அப்படிச் செய்ய முடியாது; அது நூறு யென் நாணயத்தைத்தான் விழுங்கும், நூற்று மூன்றை விழுங்காது. இன்று ஓர் ஆட்டத்துக்கு விழும் ஒவ்வொரு நூறு யென்னிலும் ஒன்பது யென்னுக்குச் சற்று மேல் வரியாகப் போகிறது. அதைக் கூடத்தை நடத்துபவரே சுமக்கிறார். முப்பது ஆண்டுகளாக விலையை ஏற்ற முடியாத ஒரு தொழில் மெலிந்துபோனதற்கு வேறு காரணத்தைத் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை.

வருவாய்க் கணக்கு இன்னும் வியப்பானது. தொழில்துறை அமைப்புகள் வெளியிடும் கணக்கின்படி 2006 நிதியாண்டில் சுமார் 70,000 கோடி யென்னாக இருந்த கூடங்களின் மொத்த வருவாய், 2014-இல் சுமார் 42,000 கோடியாகச் சரிந்தது. அதன் பிறகு ஏறத் தொடங்கி, 2019-இல் 50,000 கோடிக்கு மேல் இருந்தது. இதே காலத்தில்தான் கைப்பேசி ஜப்பானிய வீடுகளை முழுதாக வென்றது: 2010-இல் பத்தில் ஒரு வீட்டில்கூட ஸ்மார்ட்போன் இல்லை, 2019-இல் பத்தில் எட்டு வீடுகளுக்கு மேல் இருந்தது. அதாவது, கைப்பேசிப் பரவலின் பிற்பகுதியும் ஆர்கேடு வருவாயின் மீட்சியும் ஒரே ஆண்டுகளில் நிகழ்ந்தன. அந்த மீட்சியைத் தோளில் தூக்கியது பொம்மை தூக்கும் கிரேன் எந்திரம். மொத்த வருவாயில் பாதிக்கு மேல் பரிசு எந்திரங்களிலிருந்தே வந்தது. கண்ணாடிப் பெட்டிக்குள் கிடக்கும் பஞ்சு பொம்மையைக் கைப்பேசித் திரை தர முடியாது. இணையம் வழியாகத் தொலைவிலிருந்து இயக்கும் கிரேன்கள் வந்துவிட்டன, பொம்மை கூரியரில் வருகிறது என்பது உண்மைதான். அவை தெருக் கூடத்தின் கிரேனை அழிக்கவில்லை.

இவை எல்லாவற்றையும்விட முக்கியமான ஒன்றை இந்த விவாதத்தில் ஈடுபடுபவர்கள் பெரும்பாலும் கவனிப்பதில்லை. மேலே சொன்ன காவல்துறைக் கணக்கில் விடுதிகளின் கேம் கார்னர்கள் சேரவே இல்லை. சட்டப்படி அவற்றுக்கு அந்த உரிமம் தேவையில்லாததால் அவை எண்ணப்படுவதும் இல்லை. எண்ணப்படாத ஒன்று அழிந்துவிட்டது என்பதற்கு, அதைச் சேர்க்காத ஒரு கணக்கைச் சான்றாகக் காட்டும் விந்தை இங்கே நடக்கிறது. விடுதிக் கூடங்களின் நிலையை அறிய வேண்டுமானால் பார்க்க வேண்டியது விடுதிகளின் கணக்கை. 1980-இல் ஜப்பானில் ரியோக்கான் எனப்படும் மரபு வழி விடுதிகள் 83,000-க்கும் மேல் இருந்தன. 2018-இல் சட்டத் திருத்தம் நடைமுறைக்கு வந்து ஹோட்டலும் ரியோக்கானும் ஒரே வகைக்குள் கொண்டுவரப்பட்டதற்கு முன், அந்த எண் 40,000-க்கும் கீழே வந்துவிட்டிருந்தது. கேம் கார்னர்கள் குறைந்திருந்தால், முதலில் அவை இருந்த கட்டடங்களே பாதியாகக் குறைந்திருக்கின்றன என்பதைக் கணக்கில் எடுக்க வேண்டும்.

3. எந்திரம் விடுதிக்குள் வந்த வழி

ஜப்பானியக் கேளிக்கை எந்திரத் தொழில் தெருவில் தொடங்கவில்லை. குடும்பங்கள் கூடும் பெரிய கட்டடங்களின் ஓரங்களில் தொடங்கியது. பின்னாளில் நாம்கோ என்று பெயர் பெற்ற நிறுவனத்தை மசாயா நகமுரா 1955-இல் தொடங்கியபோது அவர் கையில் இருந்தவை யோகோஹாமாவின் ஒரு பல்பொருள் அங்காடி மொட்டைமாடியில் வைத்த இரண்டு மரக்குதிரைகள்தாம். செகாவின் ‘பெரிஸ்கோப்’ 1966-இல் வந்தது. அதுவும் திரை இல்லாத எந்திரமே. தோமோஹிரோ நிஷிகாடோ வடிவமைத்து டைட்டோ நிறுவனம் 1978-இல் வெளியிட்ட ‘ஸ்பேஸ் இன்வேடர்ஸ்’தான் எல்லாவற்றையும் தலைகீழாக்கியது. மேசை வடிவத்தில் வந்த அந்த எந்திரம் காபிக் கடைகளில் மேசைகளுக்குப் பதிலாகவே போடப்பட்டது. அதனால் நாட்டில் நூறு யென் காசுக்கே தட்டுப்பாடு வந்தது என்ற கதை இன்றும் உலாவுகிறது. அந்த ஆண்டுகளின் நாணய வார்ப்புக் கணக்கு இதற்குத் துணை நிற்கவில்லை. ஆனால் அப்படி ஒரு கதையை நம்பும் அளவுக்கு அந்த எந்திரம் பரவியிருந்தது.

இதற்கு இணையாக வெந்நீரூற்று ஊர்களில் வேறொரு மாற்றம் நடந்துகொண்டிருந்தது. 1964-இல் தோக்காய்தோ ஷின்கான்சென் அதிவேக ரயில் ஓடத் தொடங்கி வெந்நீரூற்று ஊரான அத்தாமியில் நின்றபோது, டோக்கியோவிலிருந்து வெந்நீரூற்று ஒரு மணி நேரப் பயணமாகிவிட்டது. நிறுவனங்கள் ஊழியர்களைப் பேருந்தில் ஏற்றி ஆண்டுக்கொரு முறை அழைத்துச் செல்லும் வழக்கம் பெருகியது. இரண்டு மாடி மரக் கட்டடங்களாக இருந்த ரியோக்கான்கள் பல மாடிக் கான்கிரீட் கட்டடங்களாக வளர்ந்தன. நூற்றுக்கணக்கானோர் பாய் விரிப்பில் வரிசையாக அமர்ந்து உண்ணும் விருந்துக்கூடம், அதன் பக்கத்தில் மதுக்கூடம், நள்ளிரவில் நூடுல்ஸ் தரும் சிறு கடை, நினைவுப்பொருள் கடை, இவற்றுக்கு நடுவே கேம் கார்னர். விருந்தினர் வெளியே போய்ச் செலவழிக்கும் பணத்தையும் உள்ளேயே பிடித்துவைப்பதே அந்த அமைப்பின் நோக்கம். இதன் கெடுதலுக்குப் பிறகு வருகிறேன்.

எந்திரத்தின் பொருளாதாரம் விடுதிக்கு வசதியாக அமைந்தது. எந்திரத்தை விடுதி வாங்குவதில்லை. எந்திரங்களை வைத்திருக்கும் நடத்துநர் ஒருவர் கொண்டுவந்து நிறுத்துவார். காசுப் பெட்டியைத் திறந்து எண்ணிப் பங்கு பிரிப்பார். விடுதி இடமும் மின்சாரமும் தந்தால் போதும். நகரத்தில் ஓடி முடித்த எந்திரம் மலையூர் விடுதிக்கு வந்து இரண்டாம் வாழ்வு பெறும். 1980-களின் நடுவில் தொழில்துறைச் சங்கம் 56 முனைகள் கொண்ட பொது இணைப்பான் ஒன்றை வகுத்த பிறகு, பெட்டியை மாற்றாமல் உள்ளிருக்கும் பலகையை மட்டும் மாற்றிப் புது ஆட்டம் போட முடிந்தது. நகரத்தில் ஓடி முடித்தவையே வந்துசேர்ந்ததால் விடுதிக் கூடத்தில் எப்போதும் சற்றுப் பழைய ஆட்டங்களே இருந்தன. புதுமைக்காக யாரும் அங்கே வந்ததில்லை. நகரத்துக் கூடத்தை வீட்டு எந்திரமும் பின்னர் கைப்பேசியும் புதுமையில் தோற்கடித்தன என்றால், அந்தப் போட்டியில் விடுதிக் கூடம் முதலிலிருந்தே கலந்துகொள்ளவில்லை.

4. கதவில்லாத கூடமும் 1985 சட்டமும்

விடுதிக் கூடத்தைத் தனி வகையாக்கிய பெரிய சக்தி சட்டம். மதுக்கூடங்களையும் சூதாட்டச் சாயல் கொண்ட தொழில்களையும் கட்டுப்படுத்த 1948-இல் இயற்றப்பட்ட சட்டம் 1984-இல் திருத்தப்பட்டு, 1985 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தபோது வீடியோ கேம் கூடங்களும் அதன் கீழ் வந்தன. அன்றிலிருந்து அவை உரிமம் பெற வேண்டும், நள்ளிரவில் மூட வேண்டும், சிறுவர்களை மாலையிலேயே வெளியே அனுப்ப வேண்டும். அந்தச் சட்டமே விடுதிகள், பெரிய அங்காடிகள், பொழுதுபோக்குப் பூங்காக்கள் ஆகியவற்றுக்குள் இருக்கும் கூடங்களுக்கு விலக்கு அளித்தது. நிபந்தனை ஒன்றுதான்: கூடத்தின் உட்புறம் வெளியிலிருந்து எளிதாகப் பார்க்கும்படி இருக்க வேண்டும்.

இந்த நிபந்தனை கட்டடக் கலையாக மாறியது. விடுதிக் கேம் கார்னர் கதவில்லாமல், வரவேற்புக் கூடத்தின் ஓரத்திலோ நடைபாதையின் விரிவாகவோ, பாதிச் சுவர் அல்லது கண்ணாடித் தடுப்போடு இருப்பதற்கு ஒரு காரணம் இதுவே. கடந்து போகிறவர் கண்ணில் அது படும். உள்ளே இருப்பவருக்கும் வெளியே போகிறவர் தெரிவார். நகரத்துக் கூடத்தைப் பற்றிப் பெற்றோருக்கு இருந்த அச்சம், அதாவது புகையும் இருட்டும் அந்நியரும் நிறைந்த மூடிய அறை என்ற படிமம், இந்தத் திறந்த ஓரத்துக்குப் பொருந்தவில்லை.

சிறுவர் நேரக் கட்டுப்பாட்டின் விளைவு இன்னும் ஆழமானது. உரிமம் பெற்ற கூடங்களில் 16 வயதுக்குட்பட்டோர் மாலை ஆறு மணியளவில் வெளியேற வேண்டும் என்பது பொதுவான விதி; நேரம் மாகாணத்துக்கு மாகாணம் சற்று மாறும். 2016-இல் நடைமுறைக்கு வந்த திருத்தத்துக்குப் பிறகுதான், பெற்றோருடன் வந்தால் இரவு பத்து மணி வரை இருக்கலாம் என்று பல மாகாணங்கள் தளர்த்தின. அப்படியானால் 1985 முதல் 2016 வரை, பத்து வயதுச் சிறுமி ஒருத்தி இரவு எட்டு மணிக்குத் தன் தந்தையோடு சேர்ந்து எந்திரத்தில் ஆட முடிந்த இடங்கள் மிகச் சில. விடுதிக் கேம் கார்னர் அவற்றுள் ஒன்று. ஒரு தலைமுறை ஜப்பானியருக்கு ‘இரவில் குடும்பத்தோடு ஆடுவது’ என்பது பயணத்தோடு மட்டும் சேர்ந்த அனுபவமானதில் இந்தச் சட்டத்துக்குப் பங்கு உண்டு. அதை வெறும் ஏக்கம் என்று ஒதுக்குவது எளிது. அதற்குப் பின்னால் ஒரு சட்டப் பிரிவு இருக்கிறது என்பதைக் காண்பதே ஆய்வுக்கு உதவும்.

5. குளித்து முடித்த பொழுது

இப்போது மையக் கேள்விக்கு வரலாம். இந்த மூலை எந்தத் தேவையை நிறைவேற்றியது? விடை தேட, ஒரு ரியோக்கானின் மாலையை நேர வரிசையில் பார்க்க வேண்டும். மூன்று மணிக்கு அறை கிடைக்கும். இரவு உணவு ஆறு அல்லது ஏழு மணிக்கு. அதற்கு முன்னும் பின்னும் குளியல். வெந்நீர்க் கூடம் ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனி. வாசலில் பெரும்பாலும் நீலத்திலும் சிவப்பிலும் இரு துணித் திரைகள் தொங்கும். ஒரு குடும்பம் அந்த வாசலில் பிரிகிறது, அதே வாசலில் மறுபடி சேர்கிறது. ஆனால் யாரும் ஒரே நேரத்தில் வெளியே வருவதில்லை. முதலில் வந்தவர் காத்திருக்கிறார். அவர் காத்திருக்கும் அந்த இடத்தில்தான் கண்ணாடிப் புட்டியில் குளிர்ந்த பால் தரும் எந்திரம், உடம்பு பிடித்துவிடும் நாற்காலி, மேசைப் பந்தாட்டப் பலகை, அதை ஒட்டி கேம் கார்னர்.

குளியலறையிலும் உடை மாற்றும் இடத்திலும் கைப்பேசியை எடுக்கக் கூடாது என்று எல்லா இடத்திலும் எழுதி ஒட்டியிருப்பார்கள். விருந்தினர் அணிந்திருப்பது விடுதி தரும் பருத்தி யுகாத்தா. அதற்குக் கால்சட்டைப் பை கிடையாது. கையில் துண்டும் அறைச் சாவியும், தொங்கும் சட்டைக் கையின் மடிப்பில் சில காசுகளும் இருக்கும். இன்றைய மனிதரின் நாளில் கைப்பேசி எட்டாத தூரத்தில் இருக்கும் சொற்பமான பொழுதுகளில் இது ஒன்று. கைப்பேசியோடு போட்டியிட்டு வெல்ல வேண்டிய கட்டாயம் அந்த மூலைக்கு இல்லை.

இதோடு ரியோக்கான் அறையின் அமைப்பையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். மேலைநாட்டு விடுதியில் அறைக்கு இரண்டு கட்டில். குடும்பம் பெரிதானால் இரண்டு அறை. ரியோக்கானில் உணவு முடிவதற்குள் பணியாளர் வந்து பாய் விரிப்பின் மேல் மெத்தைகளை வரிசையாகப் போட்டுவிடுவார். தாத்தா, பாட்டி, பெற்றோர், பிள்ளைகள் எல்லோருக்கும் ஒரே அறை என்பதே வழக்கம். ஒன்பது மணிக்குத் தாத்தா விளக்கை அணைக்கச் சொன்னால் பதினொரு வயதுப் பேரன் எங்கே போவான்? மலையூர்த் தெருவில் கடைகள் அடைத்தாகிவிட்டன. அறையில் ஒளிரும் திரை மற்றவர் தூக்கத்தைக் கெடுக்கும். ஒரே அறையில் உறங்கும் மூன்று தலைமுறைக்கு, அந்த அறைக்கு வெளியே, ஆனால் கட்டடத்துக்கு உள்ளே, விழித்திருக்க இன்னோர் இடம் வேண்டும். கேம் கார்னர் அந்த இடம்.

எந்தெந்த எந்திரங்கள் தங்கின, எவை போயின என்பதும் இதற்குச் சான்று. 1991-இல் ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2’ தொடங்கிவைத்த சண்டை ஆட்டங்கள் நகரத்துக் கூடங்களின் உயிர்நாடியாக இருந்தன. பயிற்சி பெற்றவரே அவற்றில் நிலைக்க முடியும். விடுதி மூலைகளில் இன்று அதிகம் காண்பவை வேறு: ஏர் ஹாக்கி, தலை நீட்டும் எலியைச் சுத்தியலால் அடிக்கும் எந்திரம், கிரேன், உலோக வில்லைகளைத் தள்ளும் பெட்டி, 2001-இல் நாம்கோ வெளியிட்ட மத்தள ஆட்டமான ‘தைக்கோ நோ தாத்சுஜின்’. அந்த மத்தள எந்திரத்தின் முன் ஐந்து நிமிடம் நின்று பார்த்தால் போதும். இரண்டு பெரிய மத்தளங்கள் அருகருகே. நடுவில் அடித்தால் ஓர் ஓசை, விளிம்பில் அடித்தால் வேறோர் ஓசை. திரையில் சிவப்பு வட்டம் வந்தால் நடு, நீல வட்டம் வந்தால் விளிம்பு. கற்றுக்கொள்ள அரை நிமிடம். பாட்டியும் பேத்தியும் ஒரே பாட்டை ஒரே நேரத்தில், தத்தமக்கேற்ற கடினத்தில் அடிக்கலாம். பின்னால் நிற்பவர் சிரிக்கலாம், கைதட்டலாம். வாழ்ந்திருக்கும் எந்திரங்களுக்குப் பொதுவானவை இவை: பயிற்சி தேவையில்லை, உடம்பு அசைய வேண்டும், பக்கத்தில் நிற்பவருக்கும் அதில் பங்கு உண்டு.

இந்த வேறுபாட்டை ஆர்கேடு பற்றிய எழுத்துகள் போதிய அளவு எடுத்துப் பேசவில்லை. பிரையன் ஆஷ்கிராஃப்ட் 2008-இல் எழுதிய ‘ஆர்கேட் மேனியா’ ஜப்பானியக் கூடங்களை ஆர்வத்தோடு பதிவு செய்கிறது. அதன் கவனம் எந்திர வகைகளிலும் தேர்ந்த ஆட்டக்காரர்களிலும் இருக்கிறது. கார்லி கோக்குரெக் 2015-இல் எழுதிய ‘காயின்-ஆபரேட்டட் அமெரிக்கன்ஸ்’, அமெரிக்க ஆர்கேடு எவ்வாறு இளம் ஆண்களின் இடமாகக் கட்டமைக்கப்பட்டது என்று காட்டும் முக்கியமான நூல். அந்த அளவுகோலை ஜப்பானிய விடுதியில் வைத்துப் பார்த்தால் பொருந்தாமை உடனே தெரியும்: இங்கே ஆட்டக்காரர் குடும்பம்தான். ரே ஓல்டன்பர்க் 1989-இல் முன்வைத்த ‘மூன்றாவது இடம்’ என்ற கருத்தும் ஆர்கேடுகளுக்காக அடிக்கடி துணைக்கு அழைக்கப்படுகிறது. வீடும் வேலையிடமும் அல்லாத, வாடிக்கையானவர்கள் கூடும் இடம் அது. விடுதி மூலைக்கு வாடிக்கையாளரே கிடையாது. நேற்று ஆடியவர் இன்று ஊருக்குப் போய்விட்டார். அங்கே அந்நியர் நண்பராவதில்லை. ஏற்கெனவே ஒருவரையொருவர் அறிந்தவர்கள், அன்றாடத்தில் சேர்ந்து செய்யாத ஒன்றைச் சேர்ந்து செய்கிறார்கள். இதற்கு ஓல்டன்பர்க்கின் சட்டகம் போதாது.

6. மறுப்புகள்

முதல் மறுப்பு: இப்போது குடும்பங்கள் நின்டெண்டோ ஸ்விட்ச் போன்ற கையடக்க எந்திரத்தைப் பெட்டியில் வைத்தே கொண்டுவருகின்றன, அதில் நால்வர் சேர்ந்து ஆடலாம், பிறகு மூலை எதற்கு? இது வலுவான மறுப்பு. கைப்பேசியை விட இந்த எந்திரம்தான் கேம் கார்னருக்கு உண்மையான போட்டி என்றே கருதுகிறேன். ஆயினும் அது அறைக்குள் ஆடப்படுவது. தூங்குபவரும் விழித்திருப்பவரும் ஒரே அறையில் இருக்கும் சிக்கலை அது தீர்க்காது. ஆட்டத்தை நன்கறிந்த பிள்ளையும் அறியாத பாட்டியும் என்ற ஏற்றத்தாழ்வும் அதில் அப்படியே தொடர்கிறது. மத்தளத்தின் முன் அந்த ஏற்றத்தாழ்வு கணிசமாகக் குறைகிறது.

இரண்டாவது மறுப்பு அறம் சார்ந்தது: கிரேனும் வில்லைத் தள்ளியும் சிறுவர்களைச் சூதாட்டத்துக்குப் பழக்குகின்றன. இதை நான் எளிதாகத் தள்ளிவிட மாட்டேன். கைக்கெட்டும் தூரத்தில் பொம்மையை நிறுத்தி, இன்னொரு காசு போடத் தூண்டுவதே கிரேனின் வடிவமைப்பு. ஜப்பானியச் சட்டம் கூடங்கள் பரிசு தருவதையே தடை செய்கிறது. கிரேன் காவல்துறையின் விளக்கத்தின் பேரில்தான் அனுமதிக்கப்படுகிறது, பரிசின் மதிப்புக்கு உச்சவரம்பு உண்டு. நெடுங்காலம் 800 யென்னாக இருந்த அந்த வரம்பு 2022-இல் 1,000 யென்னாக உயர்ந்தது. இந்த வரம்பு இழப்பின் அளவைக் கட்டுப்படுத்தவில்லை, பரிசின் அளவை மட்டுமே கட்டுப்படுத்துகிறது. எனவே எல்லா எந்திரத்தையும் அகற்றிக் கிரேன்களை மட்டும் நிறுத்தும் விடுதி, மேலே சொன்ன பயனை இழந்து இந்தக் குறையை மட்டும் வைத்துக்கொள்கிறது. அதே வேளை, கைப்பேசி ஆட்டங்களில் பணம் கட்டிக் குலுக்கிப் பொருள் பெறும் முறை இதைவிடக் கட்டுக்கடங்காதது. அங்கே பக்கத்தில் நின்று ‘போதும், வா’ என்று சொல்ல ஆள் இல்லை.

மூன்றாவது மறுப்பு ஊரைப் பற்றியது. எனக்கு மிகக் கனமாகத் தோன்றுவதும் இதுவே. பெரிய விடுதிகள் விருந்தினரைக் கட்டடத்துக்குள்ளேயே அடைத்துவைத்ததால் வெந்நீரூற்று ஊர்களின் தெருக்கள் செத்தன. குமிழிப் பொருளாதாரம் 1990-களின் தொடக்கத்தில் வெடித்து, நிறுவனக் குழுப் பயணங்கள் வற்றியபோது, பெருங்கட்டடங்களும் விழுந்தன, தெருவும் முன்பே போயிருந்தது. கினுகவா போன்ற ஊர்களில் ஆற்றங்கரையோரம் கைவிடப்பட்டு நிற்கும் கான்கிரீட் விடுதிகள் இதன் எச்சம். இதற்கு எதிர்முனையில் ஹியோகோ மாகாணத்தின் கினோசாக்கி இருக்கிறது. 1925 நிலநடுக்கத்தில் அழிந்து மீண்ட அந்த ஊரில், ஒரு விடுதி தனக்குள் வெந்நீர்க் குளியல் அமைத்துக்கொள்ளலாமா என்ற வழக்கு 1927-இல் வெடித்து 1950-இல்தான் சமரசத்தில் முடிந்தது. விடுதிக்குள் இருக்கும் குளியல் சிறியதாக இருக்க வேண்டும், பொதுக் குளியல்களே முதன்மை என்று உடன்பாடு ஏற்பட்டது. இன்றும் விருந்தினர் யுகாத்தா அணிந்து, மரக்கட்டைச் செருப்பு ஒலிக்க, வில்லோ மரங்கள் நிற்கும் கால்வாய் ஓரமாகப் பொதுக் குளியல்களுக்கு நடந்து போகிறார்கள். நிலையம் வாசல், தெரு நடைபாதை, விடுதிகள் அறைகள், ஊரே ஒரு விடுதி என்பது அவர்களின் கொள்கை. அங்கே விளையாட்டுக் கூடம் தெருவில் இருக்கிறது: கார்க்குத் துப்பாக்கியால் பொம்மை சுடுவதும், கண்ணாடிக் கோலி உருட்டுவதும், பழைய பச்சிங்கோவும்.

இந்த மறுப்பு கேம் கார்னர் விடுதிக்குள் இருப்பதைக் கண்டிக்கிறது. கேம் கார்னர் நிறைவேற்றும் தேவையை அது உறுதியே செய்கிறது. குளித்து முடித்த பொழுதைச் சேர்ந்து கழிக்க ஓர் இடம் வேண்டும் என்பதைக் கினோசாக்கி தெருவில் நிறைவேற்றுகிறது, மலைச்சரிவில் தனித்து நிற்கும் விடுதி தன் தரைத்தளத்தில் நிறைவேற்றுகிறது. நடந்துபோகத் தெரு இருக்கும் ஊரில் விடுதி தன் மூலையை மூடிவிடலாம் என்றே சொல்வேன். தெரு இல்லாத இடத்தில் அந்த வாதம் எடுபடாது.

7. மாறான ஒரு சான்று: நெவாடாவும் ஃபுளோரிடாவும்

தேவைதான் தலைவிதியைத் தீர்மானிக்கிறது என்ற வாதத்தை அமெரிக்காவில் சோதிக்கலாம். நெவாடா சட்டம் 21 வயதுக்குட்பட்டோர் சூதாடுவதையும் சூதாட்டத் தளத்தில் சுற்றி நிற்பதையும் தடுக்கிறது. 1968-இல் லாஸ் வேகாஸில் திறக்கப்பட்ட சர்க்கஸ் சர்க்கஸ், சூதாட்டத் தளத்துக்கு மேலே சிறுவர்களுக்கான விளையாட்டுத் தளத்தை அமைத்தது. 1990-இல் எக்ஸ்காலிபர், 1993-இல் எம்ஜிஎம் கிராண்ட் என்று குடும்பங்களை ஈர்க்க முனைந்த விடுதிகள் அந்த வழியைத் தொடர்ந்தன. பெற்றோர் சூதாட்ட மேசையில் இருக்கும்போது பிள்ளையை ஓரிடத்தில் விட்டுவைப்பதே அங்கே ஆர்கேடின் வேலை. ஃபுளோரிடாவில் டிஸ்னி 1971-இல் திறந்த கன்டெம்பரரி விடுதியிலும் பெரிய ஆர்கேடு இருந்தது. அந்நிறுவனம் விடுதிக்கு வெளியே 1998-இல் ஐந்து தளங்களில் கட்டிய டிஸ்னிகுவெஸ்ட் 2017-இல் மூடப்பட்டது. பிள்ளையைப் பெற்றோரிடமிருந்து பிரித்து அமர்த்துவதுதான் வேலை என்றால், அதைக் கைப்பேசியும் டேப்லெட்டும் செலவின்றி, இருந்த இடத்திலேயே செய்துவிடும். அந்த வகைக் கூடத்துக்குக் கைப்பேசிக் காலத்தில் நியாயம் குறைவு என்பதை ஒப்புக்கொள்கிறேன். சேர்த்துவைக்கும் கூடத்தின் கதை வேறு.

இதே அளவுகோலால் ஜப்பானுக்குள்ளும் கோடு கிழிக்கலாம். ரயில் நிலையத்தருகே, வேலையாக வந்தவர் தனியே ஓர் இரவு தங்கும் பிசினஸ் ஹோட்டலில் கேம் கார்னருக்கு இன்று காரணமே இல்லை. அங்கே அது மறைந்ததில் வருந்தவும் ஒன்றுமில்லை. குழுப் பயணத்தை நம்பிக் கட்டி, இப்போது குடும்பங்களுக்குத் தங்களை மாற்றிக்கொண்ட வெந்நீரூற்று விடுதிகளின் நிலை அப்படியன்று. நலிந்த ரியோக்கான்களை வாங்கிக் குறைந்த கட்டணத்தில் நடத்தும் ஓயெடோ ஓன்சென் மோனோகத்தாரி போன்ற நிறுவனங்கள் விருந்துக்கூடத்தையும் அறைக்கே வந்து உணவு பரிமாறும் வழக்கத்தையும் கைவிட்டு, பஃபே உணவுக்கு மாறின. ஆனால் கேம் கார்னரையும் மேசைப் பந்தாட்டத்தையும் மாங்கா எனும் சித்திரக்கதைகள் படிக்கும் மூலையையும் விடவில்லை. ஒவ்வொரு செலவையும் எண்ணிப் பார்த்துக் குறைக்கும் ஒரு வணிகம் இதை வைத்துக்கொண்டது என்பது, எந்த ஏக்கப் பேச்சையும் விட எடையுள்ள சான்று.

8. உண்மையான ஆபத்து

கைப்பேசி அல்ல என்றால் இந்த மூலைகளை அச்சுறுத்துவது எது? பழுது. பழைய எந்திரங்களின் படக்குழாய்த் திரைகள் இப்போது உற்பத்தியாவதில்லை. ஒன்று போனால் இன்னொரு எந்திரத்திலிருந்து கழற்றித்தான் போட வேண்டும். மலையூர்களைச் சுற்றிவந்து காசுப் பெட்டி திறந்து, பொத்தான் மாற்றி, பலகையைத் துடைத்துவைத்த சிறு நடத்துநர்கள் முதுமையடைந்துவிட்டார்கள். புதிய எந்திரங்களோ இணையத்தோடு பிணைந்தவை. ஒவ்வோர் ஆட்டத்துக்கும் தயாரிப்பு நிறுவனத்துக்குப் பங்கு தர வேண்டும், ஒரு நாளைக்குச் சில டஜன் ஆட்டங்களே நடக்கும் மூலைக்கு அது கட்டுப்படியாகாது. காசில்லாப் பரிவர்த்தனை பெருகியதில் விருந்தினர் கையில் நூறு யென் காசும் அருகிவருகிறது. காசு மாற்றித் தரும் எந்திரமும் பழுதானால் மூலை முழுவதும் முடங்கும். நீகாட்டா மாகாணத்தின் நியூ கிரீன்பியா த்சுநான் போல, பழைய எந்திரங்களைப் பேணி வைத்திருப்பதாலேயே ஆர்வலர்கள் தேடிப் போகும் விடுதிகள் சில உண்டு. அவை மதிக்கத்தக்கவை; ஆனால் அங்கே போகிறவர் எந்திரத்துக்காகப் போகிறார், அது அருங்காட்சியகத்தின் தேவை. இக்கட்டுரை பேசும் தேவைக்கு அரிய எந்திரம் வேண்டாம். வேலை செய்யும் ஏர் ஹாக்கி மேசை ஒன்றும், தோல் கிழியாத மத்தளம் இரண்டும், காசு மாற்ற வரவேற்பு மேசையில் ஓர் ஆளும் போதும்.

2020-க்குப் பிறகு பல விடுதிகள் அந்த மூலையைக் காலி செய்து, மின்செருகியும் தனித்தனி மேசையும் கொண்ட வேலைப் பகுதியாக மாற்றத் தொடங்கின. விடுமுறையில் வந்தும் வேலை பார்ப்பவருக்கு அது பயன்படலாம். அந்த முடிவை எடுக்கும்போது விடுதி நடத்துபவர் காசுப் பெட்டியின் மாத வரவை மட்டும் வேலை மேசையின் வரவோடு ஒப்பிட்டால் மூலை தோற்கும். நூறு யென் பெட்டி ஒருபோதும் பெரிய வரவைத் தந்ததில்லை. ஒப்பிட வேண்டியது, இரவு எட்டு மணிக்கும் பத்து மணிக்கும் இடையில் அறையை விட்டு வெளியே வரும் விருந்தினர் எத்தனை பேர், அவர்களில் எத்தனை பேர் இரண்டு தலைமுறையாகச் சேர்ந்து வருகிறார்கள் என்பதை. அந்தக் கணக்கை வரவேற்பு மேசையில் இரவுப் பணியில் இருப்பவரே ஒரு வாரத்தில் எடுத்துவிட முடியும்.